ஒரே மாதிரி தப்பு காட்டும் கடிகாரம்

இந்தப் பதிவு சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பற்றியது. "மொபைலில் மணி பார்க்கிற காலத்தில் இது எதற்கு?" என்று கேட்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். இதில் கடல் இருக்கிறது, கப்பல் விபத்து இருக்கிறது, இருபதாயிரம் பவுண்டு பரிசு இருக்கிறது, ஒரு தச்சருக்கும் ஒரு வானியலாளருக்கும் நடந்த பெரிய சண்டையும் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்களிடம் இரண்டு வாட்ச்கள் இருக்கின்றன. தினமும் ஒரே நேரத்தில் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு, ஒரு நாளில் எத்தனை விநாடி முந்தியது, எத்தனை விநாடி பிந்தியது என்று ஒரு வாரம் எழுதி வைக்கிறீர்கள்.

முதல் வாட்ச்: +12, +12, +13, +12, +12, +13, +12.

இரண்டாவது வாட்ச்: -6, +5, +1, -7, +6, 0, +1.

வாரக் கடைசியில் முதல் வாட்ச் 86 விநாடி முந்திப் போயிருக்கிறது. இரண்டாவது வாட்ச் மிகச் சரியாக இருக்கிறது, ஒரு விநாடி கூட வித்தியாசம் இல்லை. எது நல்ல வாட்ச்?

நம்மில் பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் சொல்வோம். ஆனால் 18ஆம் நூற்றாண்டுக் கப்பல் கேப்டன் ஒருவரிடம் கேட்டால் யோசிக்காமல் முதல் வாட்சை எடுத்துக்கொள்வார். ஏன் என்று புரிந்துவிட்டால் கடிகார வரலாற்றில் பாதி புரிந்த மாதிரி.

கடலில் நேரம் என்றால் இடம்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. கடலில் இருப்பவர் சூரியன் உச்சிக்கு வருவதைப் பார்த்து, தான் இருக்கும் இடத்தில் மணி பகல் 12 என்று தெரிந்துகொள்ளலாம். அதே கணத்தில் புறப்பட்ட ஊரில் மணி என்ன என்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தீர்க்கரேகை. வடக்கு தெற்கைச் சொல்லும் அட்சரேகையைச் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் பார்த்து அளந்துவிடலாம். கிழக்கு மேற்கைச் சொல்லும் தீர்க்கரேகைக்குத்தான் இந்தத் தலைவலி.

புறப்பட்ட ஊரின் நேரத்தை எப்படிக் கையில் எடுத்துப் போவது? ஒரு நல்ல கடிகாரத்தை எடுத்துப் போனால் போதும். சொல்வது எளிது. பூமத்திய ரேகையில் 4 விநாடி தவறினால் இடம் ஒரு கடல் மைல் (1.85 கிலோமீட்டர்) தள்ளிப்போகும். இரண்டு மாதப் பயணத்தில் தினமும் 10 விநாடி தெரியாமல் தவறினால் 600 விநாடி, அதாவது 150 கடல் மைல். அந்த இடைவெளிக்குள் ஒரு தீவும் இருக்கலாம், ஒரு பாறையும் இருக்கலாம்.

1707 அக்டோபரில் அட்மிரல் க்ளவுட்ஸ்லி ஷவல் தலைமையில் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள சில்லி தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தீர்க்கரேகைத் தவறு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அந்தக் கப்பல்களில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்பது உண்மை. ஏழு வருடம் கழித்து, 1714இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கடலில் அரைப் பாகைக்குள் தீர்க்கரேகை கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு. ஒரு பாகைக்குள் என்றால் 10,000. அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம்.

தச்சர் செய்த கடிகாரம்

ஜான் ஹாரிசன் 1693இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர், தொழில் தச்சு வேலை. கடிகாரம் செய்வதை யாரிடமும் முறையாகக் கற்றவர் அல்ல. 1735இல் அவர் முடித்த முதல் கடல் கடிகாரம் பெரிய பித்தளை எந்திரம். அடுத்து இன்னும் இரண்டு பெரிய எந்திரங்கள். மூன்றாவதுக்கு மட்டும் ஏறக்குறைய 19 வருடம் செலவிட்டார். பிறகு திடீரென்று பாதையை மாற்றி, 1759இல் ஒரு பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி ஒன்றைச் செய்தார். குறுக்களவு 13 செ.மீ., எடை சுமார் ஒன்றரைக் கிலோ. இன்று எச்-4 என்று அழைக்கப்படுவது இதுதான்.

ஒரு வாட்ச் ஏன் தவறுகிறது? வெயிலில் ஹேர் ஸ்பிரிங்கின் விறைப்பு குறையும், வாட்ச் மெதுவாக ஓடும். குளிரில் நேர்மாறு. மெயின் ஸ்பிரிங் முழுதாக முறுக்கியிருக்கும்போது ஒரு பலம், தளர்ந்த பிறகு வேறு பலம். எண்ணெய் நாளாக ஆகக் கெட்டியாகும். படுக்க வைத்தால் ஒரு வேகம், நிறுத்தி வைத்தால் இன்னொரு வேகம், ஏனென்றால் பேலன்ஸ் வீலின் எடை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்காது. ஹாரிசன் இவை ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டினார். வெப்பத்தைச் சமாளிக்க, பித்தளையும் எஃகும் சேர்த்து ஒட்டிய ஒரு பட்டையைப் பயன்படுத்தினார். சூடு ஏறினால் பட்டை வளையும், வளைந்து ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளத்தைச் சரிசெய்யும்.

1761 நவம்பரில் அவருடைய மகன் வில்லியம், எச்-4ஐ எடுத்துக்கொண்டு டெப்ட்ஃபோர்டு என்ற கப்பலில் ஜமைக்காவுக்குப் புறப்பட்டார். வழியில் ஒரு வேடிக்கை. கப்பலில் பீர் கெட்டுப்போய்விட்டது, மாலுமிகள் முகம் தொங்கிப்போய் இருந்தார்கள். மடெய்ரா தீவு எப்போது வரும் என்று கப்பலின் வழக்கமான கணக்கு ஒன்று சொன்னது, கடிகாரம் வேறு சொன்னது. இரண்டுக்கும் ஒன்றரைப் பாகை வித்தியாசம். இதே திசையில் போங்கள், நாளைக் காலையில் தீவு தெரியும் என்றார் வில்லியம். மறுநாள் காலையில் தெரிந்தது! இந்தக் கடிகாரம் விற்பனைக்கு வந்தால் நான் வாங்குகிறேன் என்று கேப்டன் சொல்லிவிட்டார்.

ஜமைக்கா போய்ச் சேர்ந்து கணக்குப் பார்த்தபோது 81 நாளில் கடிகாரத்தின் பிழை வெறும் 5 விநாடி. பரிசு கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைக்கவில்லை.

சண்டையின் மையம்

பலரும் இந்தக் கதையை "பொறாமை பிடித்த வானியலாளர்கள் ஏழைத் தச்சரை ஏமாற்றினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுதும் அல்ல. தீர்க்கரேகை வாரியம் எழுப்பிய கேள்விகளில் ஒன்று நியாயமானது.

அந்த 5 விநாடி என்பது கடிகாரத்தின் முகத்தில் தெரிந்த பிழை அல்ல. எச்-4 தினமும் இரண்டே முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிந்தும் என்று கணக்கில் கழித்த பிறகு வந்த எண். கடிகாரக்காரர்கள் இதை "ரேட்" என்பார்கள். நாம் தினசரி விலகல் என்று வைத்துக்கொள்வோம். வாரியம் கேட்டது இதுதான்: இந்த விலகலை நீங்கள் புறப்படும் முன்பே எழுதிக் கொடுத்தீர்களா? இல்லை. பயணம் முடிந்த பிறகு சொன்னால் எப்படி நம்புவது? பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்திய பிறகு "சார், நான் இப்படித்தான் எழுத நினைத்தேன்" என்பது போல் அல்லவா அது? ஜமைக்காவின் தீர்க்கரேகையே அப்போது உறுதியாகத் தெரியாது என்பது இன்னொரு ஆட்சேபணை.

திரும்பி வரும் பயணம் புயலில் சிக்கியது. கப்பலுக்குள் தண்ணீர் கொட்டியது. வில்லியம் கடிகாரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தார். கம்பளி நனைந்ததும், அதைத் தானே போர்த்திப் படுத்து உடல் சூட்டில் காயவைத்தார். ஒரு வாட்சைப் பத்திரப்படுத்த இதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும்! போக வர 147 நாளுக்கும் சேர்த்து மொத்தப் பிழை இரண்டு நிமிடத்துக்குள்தான். அரைப் பாகை என்பது இரண்டு நிமிடம். அப்போதும் பரிசு இல்லை.

1764இல் மறுபடி ஒரு பயணம், இந்த முறை பார்படோஸுக்கு. இப்போது வில்லியம் தந்தையின் சார்பில் தினசரி விலகலை முன்கூட்டியே அறிவித்தார்: நாளுக்கு ஒரு விநாடி முந்தும். 47 நாள் கழித்துப் பிழை 39 விநாடி. தூரத்தில் பத்துக் கடல் மைலுக்கும் குறைவு. முழுப் பரிசுக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு துல்லியம்.

1765இல் புதிய சட்டம் வந்தது. கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி ரகசியத்தைச் சொன்னால் 10,000 பவுண்டு. மீதிக்கு, இதே மாதிரி வேறு கடிகாரங்களும் செய்ய முடியும் என்று நிரூபிக்க வேண்டும். ஹாரிசன் பிரித்துக் காட்டினார். 1766 மே மாதம் எச்-4 கிரீன்விச் வானாய்வகத்துக்குப் போனது. அதைச் சோதிக்கப் போகிறவர் நெவில் மாஸ்கலின், அரச வானியலாளர். சந்திரனின் நிலையை வைத்துத் தீர்க்கரேகை கண்டுபிடிக்கும் போட்டி முறையை ஆதரித்தவரும் அவரே.

இரண்டு பூட்டு, இரண்டு சாவி

அந்தச் சோதனையில் கடிகாரம் இரண்டு பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருந்தது. ஒரு சாவி மாஸ்கலினிடம், இன்னொன்று அருகில் இருந்த கிரீன்விச் கடற்படை மருத்துவமனை அதிகாரிகளிடம். தினமும் யாராவது ஓர் அதிகாரி குன்றேறி வந்து பூட்டைத் திறந்தால்தான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க முடியும். பத்து மாதம் இது நடந்தது. வாட்சைப் படுக்க வைத்து, கவிழ்த்து வைத்து, சாய்த்து வைத்து ஒவ்வொரு நிலையிலும் அளந்தார் மாஸ்கலின்.

முடிவு மோசம். கடிகாரம் சில சமயம் நாளுக்கு 20 விநாடி வரை முந்தியது. ஆறு வாரக் கடல் பயணத்தில் இதை நம்ப முடியாது என்று 1767இல் அறிக்கை வெளியிட்டார். ஹாரிசன் கொதித்துப்போனார். பிரித்துக் காட்டிய பிறகு திரும்பச் சரிசெய்து கொடுக்காத கடிகாரம் அது, முந்தத்தான் செய்யும், ஒரே சீராக முந்துவது குற்றமே அல்ல என்பது அவர் வாதம். ஜன்னல் பக்கம் வெயில் படும் இடத்தில் வைத்தார்கள், வெப்பமானியை நிழலில் வைத்தார்கள் என்றும் குற்றம் சாட்டினார்.

இங்கே கவனியுங்கள். இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடிகாரம் தவறுகிறதா என்பது கேள்வி இல்லை. தவறு சீரானதா? முன்கூட்டிச் சொல்லத்தக்கதா? அதை வைத்திருந்த இடம் நியாயமானதா? அளக்கும் முறையும் வைக்கும் முறையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. இதுவே இந்தக் கதையின் சாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் 1772இல் வந்தது. ஹாரிசனின் அடுத்த கடிகாரத்தை மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தன்னுடைய சொந்த வானாய்வகத்தில் சோதிக்க ஒப்புக்கொண்டார். முதல் சில நாட்கள் கடிகாரம் தாறுமாறாக ஓடியது. காரணம் புரியவில்லை. பிறகு, பக்கத்து அலமாரியில் சில காந்தக் கற்கள் வைத்திருந்தது மன்னருக்கு நினைவு வந்ததாகச் சொல்லப்படுகிறது. அவற்றை எடுத்த பிறகு கடிகாரம் நாளுக்கு மூன்றில் ஒரு விநாடிக்குள் ஓடியது. கடிகாரத்தில் எந்த மாற்றமும் இல்லை, வைத்த இடம்தான் மாறியது! 1773இல் நாடாளுமன்றம் ஹாரிசனுக்கு மேலும் 8,750 பவுண்டு கொடுத்தது. அப்போது அவருக்கு 80 வயது. மூன்று வருடம் கழித்து இறந்துபோனார்.

குக் எடுத்துப் போன நகல்

எச்-4ஐ அப்படியே நகல் எடுத்து லார்கம் கெண்டல் என்பவர் 1769இல் கே-1 என்ற கடிகாரத்தைச் செய்தார். விலை 450 பவுண்டு. கேப்டன் ஜேம்ஸ் குக் தன் இரண்டாவது பெரும்பயணத்தில் (1772-75) இதை ரெசல்யூஷன் கப்பலில் எடுத்துப்போனார். தென் துருவப் பனிக்கடலிலிருந்து வெப்ப மண்டலத் தீவுகள் வரை போய்த் திரும்பிய மூன்று வருடம். கே-1இன் தினசரி விலகல் எட்டு விநாடியைத் தாண்டவே இல்லை. முதலில் சந்தேகத்தோடு பார்த்த குக், கடைசியில் அதைத் தன் நம்பகமான வழிகாட்டி என்றே புகழ்ந்தார்.

இதிலும் பெட்டி முக்கியம். மூன்று பூட்டுகள்: ஒரு சாவி கேப்டனிடம், ஒன்று முதல் லெப்டினன்ட்டிடம், ஒன்று வானியலாளர் வில்லியம் வேல்ஸிடம். மூவரும் கூடினால்தான் சாவி கொடுக்கலாம். வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் இதில் ஒரு பயன் உண்டு: ஒருவர் மறந்தாலும் மற்ற இருவர் நினைவுபடுத்துவார்கள், யாரும் தனியாக முள்ளைத் திருப்பிவிட முடியாது. ஒரே நேரத்தில் சாவி கொடுத்தால் ஸ்பிரிங்கின் அதே பகுதிதான் தினமும் வேலை செய்யும், ஓட்டமும் ஒரே மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் நம்ம சென்னைக்கும் ஒரு சின்னத் தொடர்பு. அலெக்ஸாண்டர் டால்ரிம்பிள் என்பவர் 1752இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மதராஸுக்கு வந்தவர். பின்னாளில் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியானார். கப்பல்களில் இந்தக் கடிகாரங்களைப் பயன்படுத்தச் சொல்லி எழுதி, "குரோனோமீட்டர்" என்ற சொல்லைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். கடிகாரத்தை வழியில் சரிபார்க்க, தீர்க்கரேகை தெரிந்த துறைமுகம் வேண்டும். கம்பெனி மதராஸ் நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகம் கட்டியதன் பின்னணியில் கடல் வழியும் நில அளவையும்தான் இருந்தன. பிறகு இந்தியாவின் வரைபடங்களுக்கே மதராஸின் தீர்க்கரேகை அடிப்படையாயிற்று. கிரீன்விச்சைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்திய மதராஸ் நேரத்தில்தான் இந்திய ரயில்கள் பல வருடம் ஓடின. 1906இல்தான் இன்றைய இந்திய நேரம் வந்தது.

மரத்தூளில் 22 கடிகாரங்கள்

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1831 டிசம்பரில் பீகிள் கப்பல் புறப்பட்டது. சார்லஸ் டார்வின் போன கப்பல் என்று எல்லோருக்கும் தெரியும். கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, உலகத்தைச் சுற்றிப் பல துறைமுகங்களின் தீர்க்கரேகை வித்தியாசங்களைச் சங்கிலி போல் அளப்பது. அதற்காக அவர் கொண்டுபோனது 22 குரோனோமீட்டர்கள்! அரசு கொடுத்தவை 11. மீதியில் ஆறு அவருடைய சொந்தம், ஐந்து இரவல்.

அவற்றை வைத்த விதத்தைப் பாருங்கள். கப்பலின் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில், தாழ்வான இடத்தில் ஒரு சிறு அறை. இரண்டு அகலமான தட்டுகள். ஒவ்வொரு குரோனோமீட்டரும் தன் பெட்டிக்குள் இரண்டு வளையங்களில் தொங்கும். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் முகம் வானத்தைப் பார்த்தபடியே இருக்கும். ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் அடியிலும் சுமார் மூன்று அங்குலத்துக்கு மரத்தூள். தடுப்புப் பலகைகள் வைத்துத் தூள் நகராதபடி செய்திருந்தார்கள். அலை மோதும் அதிர்ச்சியையும், மாலுமிகள் தளத்தில் ஓடும் அதிர்வையும், வெப்ப மாற்றத்தையும் மரத்தூள் வாங்கிக்கொள்ளும்.

ஜார்ஜ் ஸ்டெபிங் என்ற கருவி நிபுணரை ஃபிட்ஸ்ராய் தன் சொந்தச் செலவில் அழைத்துப் போனார். தினமும் காலை 9 மணிக்கு அவர் சாவி கொடுப்பார். நண்பகலில் ஒன்றையொன்று ஒப்பிட்டுக் குறிப்பார். வேறு யாருக்கும் அந்த அறையில் வேலை இல்லை. 1831இல் வைத்த இடத்திலிருந்து 1836இல் திரும்பும்வரை அந்தக் கடிகாரங்களை நகர்த்தவே இல்லை. துறைமுகங்களில் நட்சத்திரங்களையும் சூரியனையும் பார்த்துச் சில நாள் இடைவெளியில் விலகலைக் கணக்கிட்டார்கள். கடிகாரத்தைக் கரைக்கு எடுத்துப் போகக் கூடாது.

ஏன் 22? ஒரே ஒரு கடிகாரம் இருந்தால் அது சொல்வதுதான் வேதம். இரண்டு இருந்து அவை முரண்பட்டால் எதை நம்புவது? மூன்றாவது இருந்தால்தான் பொய்யைக் கண்டுபிடிக்கலாம். கடலில் இரண்டு கடிகாரம் மட்டும் கொண்டு போகாதே என்று மாலுமிகள் சொல்வது இதனால்தான்.

ஐந்து வருடம் கழித்து நல்ல ஓட்டத்தில் இருந்தவை 11. பாதிதான். ஆனால் அந்தக் குறிப்பேடு இருந்தது. உலகம் முழுக்கச் சுற்றி எல்லா வித்தியாசங்களையும் கூட்டினால் சரியாக 24 மணி வர வேண்டும். ஃபிட்ஸ்ராய்க்கு 24 மணி 33 விநாடி வந்தது. உலகத்தையே சுற்றி வந்ததில் 33 விநாடி! பூமத்திய ரேகையில் அது 15 கிலோமீட்டர். அந்த 33 விநாடிக்கு விளக்கம் தெரியவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் வெளியிட்டார். மறைத்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

மார்க் போடும் முறை

பதிவின் தொடக்கத்தில் போட்ட கணக்குக்கு இப்போது திரும்பலாம். 1821 முதல் கடற்படையின் குரோனோமீட்டர்களைக் கவனிக்கும் பொறுப்பு கிரீன்விச் வானாய்வகத்துக்கு வந்தது. கடற்படை வாங்குவதற்கு முன் கடிகாரங்களை மாதக்கணக்கில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். குளிரிலும் வைத்தார்கள், சூடான அடுப்புப் பெட்டிக்குள்ளும் வைத்தார்கள். 1840 முதல் 1914 வரை நடந்த வருடாந்தரப் போட்டிகளில் தரவரிசைக்கு ஒரு சூத்திரம் இருந்தது.

ஒவ்வொரு வாரத்தின் விலகலையும் கூட்டி எழுது. மிக அதிகமான வாரத்துக்கும் மிகக் குறைவான வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடு. அடுத்தடுத்த இரண்டு வாரங்களுக்கு இடையே வந்த மிகப் பெரிய வித்தியாசத்தை எடுத்து இரண்டால் பெருக்கு. இரண்டையும் கூட்டு. குறைவான எண் வாங்கியதே முதல் ரேங்க்.

இதில் எது இல்லை என்று பார்த்தீர்களா? கடிகாரம் சராசரியாக எத்தனை விநாடி முந்தியது அல்லது பிந்தியது என்பதே இல்லை! நாளுக்கு 12 விநாடி முந்தினாலும் கவலை இல்லை, அடுத்த வாரமும் 12தான் முந்த வேண்டும். திடீர் மாற்றத்துக்கு இரட்டைத் தண்டனை. நம் முதல் வாட்ச் 60 நாளில் ஏறக்குறைய 737 விநாடி முந்தியிருக்கும் என்று இன்றே சொல்லிக் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது வாட்ச் நாளை எந்தப் பக்கம் போகும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. ஒரு வாரத்தில் பூஜ்யம் வந்தது வெறும் அதிர்ஷ்டம்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்காக 1833 முதல் கிரீன்விச் கூரையில் தினமும் பகல் 1 மணிக்கு ஒரு பெரிய பந்து விழுந்தது. தேம்ஸ் நதியில் நின்ற கப்பலிலிருந்து அதைப் பார்த்து, கடிகாரத்தை நகர்த்தாமலே விலகலை எழுதிக்கொள்ளலாம். முள்ளைத் திருப்ப மாட்டார்கள். திருப்பினால் பழைய கணக்கு அறுந்துபோகும்.

கைக்கு வந்த பிறகு

பின்னர் இதே சோதனை பாக்கெட் வாட்ச்களுக்கும் வந்தது. லண்டன் அருகே கியூ ஆய்வகத்தில் 1880களிலிருந்து பல நிலைகளிலும் பல வெப்பத்திலும் வைத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். 1914இல் ரோலெக்ஸின் ஒரு சின்னக் கைக்கடிகாரம் 45 நாள் சோதனையில் தேறி ஏ வகுப்புச் சான்றிதழ் வாங்கியது. கையில் கட்டும் கடிகாரம் வெறும் நகை என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய ஆச்சரியம். 1973இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய அதிகாரபூர்வ அமைப்பு இன்றும் 15 நாள், ஐந்து நிலை, 8, 23, 38 டிகிரி என்ற மூன்று வெப்பநிலைகளில் சோதிக்கிறது. சராசரியாக நாளுக்கு 4 விநாடி பிந்துவதிலிருந்து 6 விநாடி முந்துவது வரை அனுமதி. அதோடு, நாளுக்கு நாள் வரும் மாறுதலுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். கிரீன்விச் சூத்திரத்தின் பேரப்பிள்ளை!

உங்கள் வீட்டிலும் தாத்தாவோ அப்பாவோ கட்டிய எச்.எம்.டி. வாட்ச் ஒன்று பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கலாம். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய அந்தத் தயாரிப்பு நிறுவனத்தை 2016இல் மூடுவதாக மத்திய அரசு முடிவெடுத்தது. வாட்ச்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. அப்படி ஒன்று இருந்தால் ஃபிட்ஸ்ராய் முறையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்:

1. ரொம்ப நாள் ஓடாமல் கிடந்ததென்றால் முதலில் வாட்ச் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். காய்ந்த எண்ணெயோடு ஓட்டினால் உள்ளே தேயும்.

2. தினமும் ஒரே நேரத்தில் முழுதாகச் சாவி கொடுங்கள்.

3. அதே நேரத்தில் மொபைல் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி வித்தியாசம் என்று எழுதுங்கள். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் தினசரி விலகல். முள்ளைத் தொடாதீர்கள்.

4. கழற்றி வைக்கும்போது தினமும் ஒரே நிலையில் வையுங்கள். ஒரு வாரம் முகம் மேலே பார்த்தபடி, அடுத்த வாரம் சாவித் திருகு கீழே பார்த்தபடி. இரண்டு வாரக் கணக்கையும் ஒப்பிடுங்கள். பல வாட்ச்களில் ஒரு நிலை முந்தும், இன்னொன்று பிந்தும். பகலில் முந்துவதை இரவில் வைக்கும் விதத்தால் ஈடுகட்டலாம்.

5. ஸ்பீக்கர், மொபைல், காந்தம் உள்ள மூடிப் பெட்டி பக்கத்தில் வைக்காதீர்கள். மூன்றாம் ஜார்ஜின் அலமாரியை நினைவில் வையுங்கள் :-)

6. கட்டாத நாட்களில் ஈரம் படாத இடத்தில், மெத்தென்ற துணி போட்ட டப்பாவில் வைக்கலாம். நம்ம ஊர்க் கடற்கரைக் காற்றுக்கு எஃகு ஸ்பிரிங் எளிதில் துருப்பிடிக்கும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் நல்லது.

இரண்டு மூன்று வாரத்தில் அந்த வாட்சின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று

ஹாரிசன் கதையை நாம் ஒரு மேதையின் வெற்றியாகப் படிக்கிறோம். அது சரிதான். ஆனால் அந்த மேதையின் கருவி கடலில் உயிர்களைக் காப்பாற்றியது, தினமும் 9 மணிக்கு ஓர் அறைக்குள் போய் 22 பெட்டிகளைத் திறந்து மூடிய ஸ்டெபிங் மாதிரி ஆட்களால். குன்றேறி வந்து பூட்டைத் திறந்த பெயர் தெரியாத அதிகாரிகளால். "எங்கள் கடிகாரம் இவ்வளவு தவறுகிறது" என்று வெட்கப்படாமல் எண்ணில் எழுதி வைத்தவர்களால். தவறே செய்யாத கடிகாரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அளந்து எழுதிய தவறு ஒரு திருத்தம், அவ்வளவுதான். எழுதாமல் விட்ட தவறுதான் கப்பலைப் பாறையில் மோதுகிறது.

உங்கள் வீட்டுப் பழைய வாட்ச் தினமும் எத்தனை விநாடி விலகுகிறது என்று அளந்து பார்த்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.